இரவல் சாமான்களும் ஈரச் சுவரும்

அன்பு மூத்தவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சின்னவளும் சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் நம்புவேன், போனில் நீ சொல்கிற "நல்லா இருக்கேன்மா"வை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, காய்ச்சல் வந்து படுத்திருந்தபோதும் அதையேதான் சொன்னாய்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் தபால்காரர் கொடுத்தார், பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் படித்தேன், படித்த வேகத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், கேட்ட வீட்டு உதவியும் கிடைக்கவில்லை என்று தங்கச்சி எழுதினாள், அதனால் பயிற்சியை நிறுத்திவிட்டு வருகிறேன், ஏதாவது கடையில் வேலைக்கு நின்றால் எல்லார் சம்பளத்தையும் சேர்த்து வேறு வீடு பிடிக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். பெட்டியைக் கட்டியிருந்தால் பிரித்து வை, டிக்கெட் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடு. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பல் செட் செய்து கொடுக்கப் படிக்கிறவள், இன்னும் எட்டு மாதம் உன் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க மாட்டாயா? உன் தங்கச்சி என் முதுகுக்குப் பின்னால் உனக்கு எழுதிய கடிதம் பாதிக் கதை. மீதிக் கதையை நான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், அப்புறம் இரண்டு பேரும் அழுவோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டுக்காரர் கீழ்த்தளத்தை சாமான் கிடங்காக மாற்றப் போகிறாராம். அடுத்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிட்டார். மனிதரைக் குறை சொல்ல மாட்டேன், இரண்டு வருடமாக வாடகையை ஏற்றாமல் இருந்தவர்தான். ஆனால் நாங்கள் தெருத் தெருவாக விசாரித்ததில், என் சம்பளத்துக்கும் அப்பா சைக்கிள் நிறுத்தத்தில் சீட்டுக் கிழிக்கிற சம்பளத்துக்கும் கிடைப்பது இதைவிட மோசமான அறைதான், அதற்கும் ஆறு மாத முன்பணம் கேட்கிறார்கள். இதைவிட மோசம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். படுக்கிற அறையின் பின்சுவரில் ஈரம் நீ இருந்தபோது முழங்கால் உயரம் இருந்தது, இப்போது என் இடுப்பு வரைக்கும் ஏறிவிட்டது. கறுப்பாகப் பூசணம் பிடிக்கிறது, துடைத்தால் ஒரு வாரம், மறுபடி வந்துவிடும். சின்னவளுக்கு அந்தச் சுவரை ஒட்டித்தான் கட்டில், வேறு பக்கம் போட இடமில்லை. போன வருடம் இருமல் என்று நினைத்தோம், இந்த வருடம் டாக்டர் அதற்கு மூச்சிரைப்பு என்று பெயர் வைத்து, பையில் வைத்துக்கொள்ள, மூச்சோடு இழுக்கிற ஊதுகுழாய் மருந்தும் கொடுத்துவிட்டார். கடைசி வருடப் படிப்பு, பரீட்சைக்கு உட்கார வேண்டிய பிள்ளை, பாதி நாள் தலையணையை அடுக்கி அதில் சாய்ந்துகொண்டு படிக்கிறாள். எனக்கு இந்த வீட்டு விஷயத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பிள்ளை படுக்க ஒரு காய்ந்த சுவர்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கத்தில் வீட்டு உதவி என்று ஒன்று இருப்பதை எங்கள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் என்னோடு விரிப்பு மடிக்கிறவள்தான் சொன்னாள். அவளும் போன வருடம் வாங்கினாளாம், இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை, கள்ளி. வீடு ஒதுக்குவார்கள், வாடகை நம் வருமானத்தைப் பார்த்து வைப்பார்கள், முன்பணத்தையும் அவர்களே கட்டிவிடுவார்கள். நான் அன்றைக்கே படிவத்தை வாங்கி வந்துவிட்டேன். உன் அப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நம்ம என்ன கை நீட்டுற குடும்பமா? நாப்பது வருஷம் ஊரு வீட்டுக்கெல்லாம் பெயின்ட் அடிச்ச கை இது" என்றார். நான் விடவில்லை. நீங்கள் சாரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை போனது உங்கள் குற்றமா, இந்த நாப்பது வருடமும் சோப்பு வாங்கும்போதும் தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டவில்லையா, நாம் போட்டு வைத்ததிலிருந்து கொஞ்சம் எடுக்கிறோம், அவ்வளவுதான் என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே பேனாவை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சம்பளச் சீட்டு, டாக்டர் சீட்டு, வீட்டுக்காரர் கொடுத்த கடிதம், பயிற்சிக்குத் தருகிற தொகையில் மிச்சம் பிடித்து நீ அனுப்புகிற பணத்தின் ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வைத்தோம், ஒரு எழுத்துகூடப் பொய் எழுதவில்லை. பொய் அதற்குப் பிறகுதான் வந்தது.

பத்து நாளில் கடிதம் வந்தது, வியாழக்கிழமை காலை அதிகாரி வீட்டை நேரில் பார்வையிட வருவார் என்று. இதைப் படித்ததும் உன் அம்மாவுக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? வரட்டும், இருக்கிறதைப் பார்க்கட்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது, ஐயோ, வீட்டுக்கு ஆள் வருகிறார்களே என்றுதான். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பகல் முழுக்க நாலு மூலையும் நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து விரிப்பு மடிக்கிறவள், ஒரு சுருக்கம் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டைத் தலைகீழாக்கினேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள், "இந்தக் கிழிஞ்ச திரையோடயா ஆபீசர் முன்னாடி நிக்கப் போறீங்க" என்று சொல்லிவிட்டு, யாரோ வசதியான வாடிக்கையாளருக்குத் தைத்து முடித்து வைத்திருந்த பளபளப்பான திரைச்சீலையைக் கொண்டுவந்து அவளே மாட்டிவிட்டாள், நாளைக்கு மத்தியானம்தான் எடுக்க வருவார்கள் என்றாள். நீ போன பிறகு மாடிக்குக் குடிவந்த பஸ் டிரைவர் அவளைவிட நல்ல மனிதர், கேட்காமலே நாலு குஷன் நாற்காலியை இறக்கினார், அதோடு விட்டாரா, "அடுப்படி வெறிச்சுனு கிடக்குக்கா" என்று சொல்லி, கூட வேலை பார்க்கிற கண்டக்டரையும் கூப்பிட்டு, ஆளுயர பிரிட்ஜைப் படி படியாக இறக்கி வைத்தே விட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன், என் வாய்தான் சொன்னது, கை அந்த பிரிட்ஜுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தது.

அப்பா மட்டும் சும்மா இருந்தாரா? அவர் பழைய வேலைச் சாமான் பெட்டியைத் திறந்தார். ஈரத்தைத் தடுக்கிற பூச்சு அரை டப்பா மிச்சம் இருந்தது, எந்த வேலையிலிருந்தோ பத்திரப்படுத்தி வைத்தது. பூசணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, முடியாத வலது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு இடது கையாலேயே அந்தச் சுவர் முழுவதையும் இரண்டு பூச்சுப் பூசிவிட்டார். ஒரு தூரிகைக் கோடுகூடத் தெரியவில்லை, இடது கை வேலை என்று யாரும் சொல்ல முடியாது. நான்கூட நின்று பார்த்துவிட்டு, பலே என்று சொன்னேன். புத்தியோடு பேசியது இந்த வீட்டில் ஒரே ஆள்தான். உன் தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் சுற்றிப் பார்த்துவிட்டு, "வர்றது விருந்தாளி இல்லம்மா, நம்ம கஷ்டத்தை எழுதிட்டுப் போக வர்ற ஆளு" என்றாள். பெரிய மனுஷி மாதிரிப் பேசாதே, போய்ப் படி என்று அதட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை வந்தார். ஒல்லியான மனிதர், கையில் அளவு நாடா, சட்டைப் பையில் மூன்று பேனா. அறையின் நீளம் அளந்தார், அகலம் அளந்தார், ஜன்னலை அளந்தார், அப்பா மெதுவாக என் காதில் "நம்ம ரெண்டு பேரையும் அளந்துட்டுத்தான் போவாரு போல" என்றார், அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு அளவுநாடா என்றே பெயர். திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தார். குஷன் நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காராமல் அதையும் எழுதிக்கொண்டார். சுவரைப் பார்த்து, ஈரம் எங்கே என்று கேட்டார், அப்பா, "இப்பதான் கொஞ்சம் சரி பண்ணேன் சார்" என்று பெருமையாகச் சொன்னார். பிறகு அடுப்படிக்கு வந்து பிரிட்ஜைப் பார்த்தார், "இது உங்களதாம்மா?" என்றார். அந்த நேரத்தில் இல்லை, மாடி வீட்டு டிரைவருடையது என்று சொல்ல எனக்கு எத்தனை நேரம் ஆகும்? நாலு வார்த்தை. ஆனால் இரவல் வாங்கி வைத்திருக்கிறேன் என்று ஒரு அந்நிய மனிதரிடம் சொல்ல நாக்கு எழவில்லை, "ஆமா சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் கதவைத் திறந்தார். டிரைவர் வீட்டில் உள்ளே இருந்த எதையும் எடுக்காமல் அப்படியே இறக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வெண்ணெய் ஒரு கட்டி, முட்டை இரண்டு டஜன், இறைச்சி, திராட்சை, ஆப்பிள், குளிர்பானம் பெரிய பாட்டிலில். எங்கள் வீட்டில் அவ்வளவு சாப்பாட்டை ஒன்றாக நான் பார்த்ததே இல்லை. அளவுநாடா மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து நிதானமாக எழுதினார், நான் கொடுத்த தேநீரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுத்து வந்த கடிதத்தைச் சின்னவள்தான் சத்தமாகப் படித்தாள். நேரில் காணப்பட்ட வாழ்க்கை வசதி, தெரிவிக்கப்பட்ட வருமானத்தோடு பொருந்தவில்லை, வசிப்பிடத்தில் ஈரப் பாதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை, ஆகவே விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. படித்து முடித்துவிட்டு அவள் சிரித்தாள் பார், விழுந்து விழுந்து சிரித்தாள், அப்பாவும் சிரித்தார், எனக்கும் அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பே இருமலாகி, இருமல் இழுப்பாகி, ஊதுகுழாய் மருந்துக்கும் நிற்காமல், அவளைத் தூக்கிக்கொண்டு என் ஆஸ்பத்திரிக்கே ஓட வேண்டியதாயிற்று. நான் மடித்து அனுப்புகிற விரிப்பிலேயே என் பிள்ளையைப் படுக்க வைத்தார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள், நகம் நீலமாக இருந்தது. மகளே, உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு நான் என்னையே வெறுத்தேன். நாலு பேர் பார்த்து மெச்ச வேண்டும் என்ற வீம்புக்கு, அந்தக் குழந்தை சுவாசிக்க வேண்டிய காற்றை விலையாகக் கொடுத்துவிட்டு நின்றேனே. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த மூன்று நாளில்தான் உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். அவள் எழுதி நிறுத்திய இடத்தில் கதை மோசமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தக் கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில், முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் இருந்தது. சலவைப் பிரிவுக்காரியிடம் கேட்டேன், அவள் பயந்துவிட்டாள், பார்வையிட வந்தவரிடம் பொய் சொன்னது தெரிந்தால் இரண்டு வருடத்துக்கு விண்ணப்பமே போட முடியாதபடி தள்ளி வைத்துவிடுவார்கள், பேசாமல் பிரிட்ஜை வித்துட்டோம்னு எழுதிக் கொடு என்றாள். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய்யா? அப்பாவிடம் சொன்னேன், தள்ளி வைத்தால் வைக்கட்டும், நான் போய் நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன் என்று. அவர், "நீ சொன்னது ஒரு பொய், நான் சுவத்துல பூசுனது ஒரு பொய், ரெண்டு பேருமே போவோம்" என்றார். காதும் காதும் வைத்தாற்போல நாங்கள் பேசுகிற பேச்சு இந்தக் கட்டடத்தில் எப்போது தங்கியிருக்கிறது? திங்கட்கிழமை காலையில் நாங்கள் கிளம்பினால் டிரைவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு, தன் பெயர் போட்ட பிரிட்ஜ் ரசீதோடு வாசலில் நிற்கிறார், தையல்காரம்மா திரைச்சீலை ஆர்டர் எழுதிய நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். நாலு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம்.

அங்கே மேல்முறையீடு கேட்கிறவர் ஒரு அம்மா, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன், முட்டையையும் வெண்ணெயையும்கூட விடவில்லை. டிரைவர் ரசீதை நீட்டினார், தையல்காரம்மா நோட்டைப் பிரித்து, "இந்தத் திரை இவங்க வீட்டுல இருந்தது மொத்தமே இருபது மணி நேரம்தாம்மா" என்றாள். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார், அவர் உதட்டை இறுக்கிக்கொண்டதை நான் கோபம் என்று நினைத்தேன், சிரிப்பை அடக்கியிருக்கிறார். பிறகு சொன்னார், "பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இருக்கறதை ஒளிச்சு வச்சிட்டு இல்லைனு சொல்றவங்களைப் பார்த்திருக்கேன். இல்லாததைக் கொண்டுவந்து வச்சிட்டு இருக்குனு சொன்னவங்களுக்கு என் விதிப் புத்தகத்துல தண்டனையே எழுதலையே, நான் என்ன பண்றது?" மறுபடி பார்வையிட உத்தரவு போட்டார். போகும்போது என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை பெருக்கக்கூடக் கூடாது" என்று விரலை ஆட்டினார்.

பெருக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு என்ன தெரியும். காலையில் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டேன், கொடியில் கிடந்த துண்டை மட்டும் விட முடியவில்லை, யாரும் பார்க்காதபோது மூலைக்கு மூலை வைத்து மடித்துவிட்டேன். அதே அளவுநாடாதான் வந்தார். அடுப்படியைப் பார்த்தார், "பிரிட்ஜ் எங்கம்மா?" என்றார். மாடியில சார், அதோட சொந்த வீட்டுல என்றேன், இந்தத் தடவை நாக்கு நன்றாகவே எழுந்தது. ஆனால் சுவர்தான் சிக்கலாகிவிட்டது. உன் அப்பா செய்த வேலை ஒரு மாதமாகியும் ஒரு புள்ளிகூடக் கறுக்காமல் நின்றது. நல்ல வேலைக்காரராக இருந்தது எங்களுக்கே வினையாக முடிந்தது. அளவுநாடா கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஈரம் தெரியலையே என்றார். அப்பா பெட்டியிலிருந்து சுரண்டு தகட்டை எடுத்தார், இடது கையால் சுவரின் நடுவில் ஒரு கோடு கிழித்து இழுத்தார். பூச்சு பாயளவுக்குத் தோலாக உரிந்து வந்தது, பின்னால் கறுப்பாகப் பூசணம், அதிலிருந்து தண்ணீர் கோடு கோடாக இறங்கியது, அறை முழுக்க அந்த நாற்றம். "நான் அடிச்ச சுவத்தை நானே உரிக்கிறது இதான் சார் முதல் தடவை" என்றார் அப்பா. சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அளவுநாடா நல்ல மனிதர்தான், நாங்கள்தான் பெயர் வைத்துவிட்டோம், அவர் அப்பாவைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் சின்னவளின் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொண்டிருந்தார். இரண்டு விரல்தான் இருந்தது. டாக்டர் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். அன்றைக்குத் தேநீர் குடித்தார்.

வீடு கிடைத்துவிட்டது. நேற்று முன்தினம்தான் கடிதம் வந்தது, உடனே போய்ப் பார்த்தோம். மூன்றாம் மாடி, லிப்ட் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஜன்னல், நடுவில் கூடம், ஒரு படுக்கை அறை, அடுப்படியில் நான் நின்று திரும்பலாம். அப்பா உள்ளே நுழைந்ததும் எல்லாச் சுவரிலும் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தார், வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி. எல்லாம் காய்ந்த சுவர். பெயின்ட் மட்டும் மட்டம் என்றார், அவர் அப்படிச் சொல்லாவிட்டால்தான் எனக்குக் கவலை. படுக்கை அறை சின்னவளுக்கு, நாங்கள் கூடத்தில் படுப்போம். முன்பணம் அவர்களே கட்டிவிட்டார்கள், வாடகை என் சம்பளத்தில் அடங்கும். அதனால் நீ இனிமேல் எங்களுக்கு அனுப்புகிறதைப் பாதியாகக் குறை, மீதிப் பாதிக்கு வயிறாரச் சாப்பிடு, நல்ல செருப்பு வாங்கு. உங்கள் பயிற்சிக் கூடத்திலும் வசதி இல்லாதவர்களுக்கு அறை வாடகையில் உதவி இருக்கும், போய்க் கேள். வெட்கப்படாதே, வெட்கத்தின் விலை என்னவென்று உன் அம்மா பார்த்துவிட்டாள். அறையைப் பார்க்க யாராவது வந்தால் தயவுசெய்து ஒழுங்கு பண்ணி வைக்காதே, நீயும் என் வயிற்றில் பிறந்தவள்தானே, அந்தப் பயம் எனக்கு இருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். நேற்று கையெழுத்துப் போடப் போனபோது கடைசிப் படிவம் ஒன்று கொடுத்தார்கள், வீட்டில் வசிப்பவர்கள் யார் யார் என்று எழுத வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். எங்கள் காகிதங்களைப் புரட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பெரிய பொண்ணு ஒருத்தங்க இருக்காங்கல்ல, அவங்களையும் சேர்த்து எழுதிடுங்கம்மா. நாலு பேர்னா இதுக்குப் பதிலா ரெண்டு படுக்கை அறை வீடு தருவாங்க. யாரு வந்து எண்ணப் போறாங்க" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். பேனா என் கையில் இருந்தது. பள்ளிக்கூடப் படிவமோ ஆஸ்பத்திரிப் படிவமோ, எதை எழுதினாலும் பிள்ளைகள் என்ற இடத்தில் உன் பெயரை முதலில் எழுதித்தான் எனக்குப் பழக்கம், கை தானாக அங்கே போய் நின்றது. எழுதியிருந்தால் உனக்கென்று ஒரு அறை இருந்திருக்கும். நீ அங்கே கஷ்டம் வரும்போதெல்லாம் அந்த அறையை நினைப்பாய், எட்டு மாதம் ஆறு மாதமாகும், ஆறு மாதம் மூன்றாகும், ஒருநாள் பெட்டியோடு வந்து நிற்பாய். அதோடு, நீ இங்கே இல்லை. அதுதான் உண்மை. மூன்று பேர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அலுவலகத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன், வீடு கிடைத்த சந்தோஷம் என்று அப்பா நினைத்துக்கொண்டார், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஆகவே மகளே, இங்கே உனக்கு அறை இல்லை, அங்கேயே இருந்து படிப்பை முடி. நீ கை வைக்கிற வேலையெல்லாம் துலங்கட்டும், உன் கையால் பல் கட்டிக்கொண்டவர்கள் வாய்விட்டுச் சிரித்து உன்னை வாழ்த்தட்டும், ஒருவரிடமும் தலை குனியாமல் நூறு வயது நன்றாக இரு. அப்பா வாழ்த்துச் சொல்லச் சொன்னார், சின்னவள் தனியாக எழுதுவாளாம், பாதிக் கதை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். குளிர் நாளில் தலையை ஈரத்தோடு கட்டாதே. புது விலாசம் கடித உறையின் பின்பக்கத்தில் இருக்கிறது, இன்றைக்கே எழுதி வைத்துக்கொள். விருந்தாளி யாராவது வந்தால் ஒரு தடவைக்கு முப்பது நாள் வரை வீட்டில் தங்கலாம் என்று விதி இருக்கிறது, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதை மட்டும் நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா